மரங்கொத்தியின் மண்டைக்குள் பஞ்சு இருக்கிறதா?

மரங்கொத்தியைப் பற்றி இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே கதைதான் வரும். நாள் முழுக்க மரத்தில் தலையால் முட்டுகிறது, ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? மண்டையோட்டில் பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது. நாக்கெலும்பு மண்டையைச் சுற்றி வளைந்து சீட் பெல்ட் மாதிரி மூளையைக் காக்கிறது. மொத்தத்தில் இயற்கை செய்த ஷாக் அப்சார்பர், அதைப் பார்த்து மனிதர்கள் ஹெல்மெட் செய்கிறார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கதையின் நடுத்தூணை, அதாவது அலகில் விழும் அடி மூளையைச் சேர்வதற்குள் உண்மையிலேயே குறைகிறதா என்பதை, உயிருள்ள பறவையில் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்காமலே பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பொருளறிவியல்காரர்கள் இதை வைத்துப் புதுப் பொருட்கள் வடிவமைத்தார்கள். நரம்பியல்காரர்கள் பறவையின் மூளையை வெட்டிப் பார்த்தார்கள். விளையாட்டு மருத்துவத்தில் இது பள்ளிப் பையன்களின் கழுத்தில் மாட்டும் ஒரு பட்டையாகவே வந்து நின்றது. அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தபோது எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற எண். மரங்கொத்தியின் தலை புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு அதிர்ச்சியைத் தாங்குகிறது, அதாவது 1,000 ஜி. இதற்கு எல்லோரும் கைகாட்டுவது பிலிப் மே என்பவரும் சகாக்களும் 1979ல் வெளியிட்ட கட்டுரையை. ஒரு ஏகார்ன் மரங்கொத்தி கொத்துவதை அதிவேகப் படமாக எடுத்துக் கணக்கிட்டார்கள். (மரங்கொத்திக்கு ஏன் தலை வலிப்பதில்லை என்ற ஆராய்ச்சிக்காக 2006ல் இவருக்கும் ஐவன் ஷ்வாபுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துவிட்டு யோசிக்கவைக்கும் பரிசு என்பார்கள். இந்த விஷயத்தில் பலர் சிரிப்பதோடு நின்றுவிட்டார்கள் போல.)

அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அதன் வாதம் இருக்கிறது. மூளைக்காயத்தில் தலை சுழல்வதுதான் முக்கியம் என்ற கொள்கைக்கு இது ஆதரவு என்று சொல்கிறார்கள். 1943லேயே ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கொள்கை அது. மூளை கெட்டியான பொருள் இல்லை, கிட்டத்தட்ட அல்வா பதம். நேராக அமுக்கினால் பெரிதாக மாறாது, முறுக்கினால் கிழியும். மரங்கொத்தியின் தலை ஏறக்குறைய நேர்கோட்டில் போய்வருகிறது, பெரிதாகச் சுழலவில்லை, அதனால் தப்பிக்கிறது என்பதுதான் மே சொன்னது. பின்னால் வந்தவர்கள் 1,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

2006ல் எம்ஐடியின் பொருளறிவியல் பேராசிரியர் லோர்னா கிப்சன் ஒரு கட்டுரை எழுதினார். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பஞ்செலும்பு, நுரைப்பொருள் எல்லாம் அவருடைய சொந்தத் துறை. அவர் நினைத்திருந்தால் மண்டையோட்டின் பஞ்செலும்பை வைத்தே ஒரு காவியம் எழுதியிருக்கலாம். அவர் சொன்ன காரணங்களோ ரொம்பச் சாதாரணமானவை: மூளை சிறியது, மோதல் நேரம் மிகக் குறைவு, மூளை மண்டைக்குள் அமைந்திருக்கும் கோணம் சாதகமானது.

சிறியது என்பது எப்படிப் பாதுகாப்பாகும்? எறும்பு மாடியிலிருந்து விழுந்தால் எழுந்து நடக்கும். மாடு விழுந்தால்? அதே கணக்குதான். ஒரே வேகக்குறைவில் மூளைக்குள் உருவாகும் அழுத்தம் மூளையின் நீளத்தைப் பொறுத்துக் கூடும். மனித மூளை சுமார் 1,400 கிராம். பெரும்புள்ளி மரங்கொத்தியின் மூளை மூன்று கிராமுக்கும் குறைவு. எடை விகிதத்துக்குக் கனமூலம் எடுத்தால் நம் மூளை நீளத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கு. அமெரிக்கன் ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம்) வீரர்களுக்கு மூளையதிர்ச்சி உண்டாக்கிய மோதல்களை ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தபோது தலையின் அதிர்ச்சி சராசரியாக 100 ஜிக்கு அருகில் வந்தது. அதை எட்டால் பெருக்கினால் 800. மோதல் நேரமும் குறைவு என்பதைச் சேர்த்தால் 1,000 ஜி என்பது அதிசயமே இல்லை. முரட்டுக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம். பஞ்சே தேவைப்படவில்லை.

இதற்கு ஐந்து வருடம் கழித்து, 2011ல், இரண்டு கட்டுரைகள் வந்தன. கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு இவற்றுக்கு உண்டு.

ஒன்று சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகக் குழுவுடையது, முதல் ஆசிரியர் லிஜென் வாங். பறவை கொத்துவதைப் படமெடுத்தார்கள், விசையை அளந்தார்கள், மண்டையை மைக்ரோ-சிடி ஸ்கேன் செய்து கணினி மாதிரி கட்டினார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது கேள்வி கேட்ட விதம். பறவை எப்படித் தாங்குகிறது என்று தொடங்கும்போதே, தாங்குவதற்கென்று ஏதோ விசேஷ அமைப்பு இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தாகிவிட்டது. அப்புறம் கண்ணில் படும் ஒவ்வொரு எலும்பும் பாதுகாப்பு எலும்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று பெர்க்லியில் யூன், பார்க் இருவரும் செய்தது. பறவையின் கெட்டியான அலகு, நாக்கெலும்பு, பஞ்செலும்பு, மண்டையோடும் அதனுள் இருக்கும் திரவமும் என்ற நான்கையும் செயற்கைப் பொருட்களால் நகலெடுத்தார்கள். உலோகக் கூடு, உள்ளே ரப்பர், அதற்குள் நெருக்கி அடுக்கிய நுண்கண்ணாடி மணிகள். அதன் நடுவில் மின்னணுச் சில்லுகளை வைத்து வாயுத் துப்பாக்கியால் சுட்டார்கள். 60,000 ஜி அதிர்ச்சியில் பழுதானவை 0.7 சதவீதம்தான். வழக்கமான கெட்டி ரெசினில் பொதித்தவற்றில் 26.4 சதவீதம் பழுதானது.

இதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை, நல்ல பொறியியல் இது. உருண்டையான சின்ன மணிகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்குகின்றன என்பது மரங்கொத்தியே உலகில் இல்லாவிட்டாலும் உண்மைதான். கருவி வேலை செய்தது என்பது வேறு, பறவையின் தலை அப்படித்தான் வேலை செய்கிறது என்பது வேறு. உயிரியலிலிருந்து யோசனை எடுக்கும் பொருளறிவியல் கட்டுரைகளில் இந்த இரண்டும் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. முன்னுரையில் பறவை, நடுவில் பாலிமர், முடிவுரையில் மறுபடியும் பறவை. கருவியின் வெற்றி பறவையைப் பற்றிய ஊகத்துக்குச் சான்றாகிவிடும். அடுத்த கட்டுரை அதை மேற்கோள் காட்டும்.

2022 ஜூலையில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் சாம் வான் வாசன்பெர்க் தலைமையிலான குழு, செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தது. மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படமெடுத்து, அலகில் ஒரு புள்ளி, தலையில் கண்ணருகே ஒரு புள்ளி, இரண்டும் எவ்வளவு சீக்கிரம் நிற்கின்றன என்று ஒப்பிட்டார்கள். நடுவில் பஞ்சு இருந்தால் தலை அலகைவிட மெதுவாக நிற்க வேண்டும், இல்லையா? அப்படி எதுவும் இல்லை. அலகும் தலையும் ஒரே கட்டையாக நின்றன. மரங்கொத்தியின் தலை சுத்தியல்தான்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்தத் தச்சராவது சுத்தியலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்துக்கொள்வாரா? அடியின் சக்தியைத் தலையே விழுங்கிவிட்டால் மரத்துக்குள் இறங்குவது எது? பறவை கொத்துவதே ஓட்டை போடத்தான். கணினி மாதிரியில் அதிர்வுறிஞ்சியைச் சேர்த்துப் பார்த்தபோது கொத்தும் திறன் குறைந்தது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். அப்படியானால் மூளை? கிப்சன் சொன்னதுதான். சிறியது, ஆகவே ஆபத்து எல்லைக்குக் கீழேயே இருக்கிறது.

நடுவில் நரம்பியலின் பங்கையும் பார்த்துவிடலாம். 2018ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட 10 மரங்கொத்திகளின் மூளைகளைச் சோதித்தது. ஒப்பீட்டுக்கு மரம் கொத்தாத வேறொரு பறவையினத்தில் 5. மரங்கொத்திகளில் 8ல், டௌ என்ற புரதத் தேக்கத்தைச் சுட்டக்கூடிய சாய அடையாளங்கள் தெரிந்தன, மற்ற ஐந்தில் ஒன்றிலும் இல்லை. ஓய்வுபெற்ற ஃபுட்பால் வீரர்களின் மூளையில் பார்த்த அதே புரதம் என்பதால் செய்திகள் பறந்தன. ஆய்வாளர்கள் நிதானமாகத்தான் எழுதியிருந்தார்கள், இது காயமாகவும் இருக்கலாம், பறவைக்குப் பாதுகாப்பான ஏற்பாடாகவும் இருக்கலாம் என்று. பத்துப் பறவைகளை வைத்து அதற்குமேல் சொல்லவும் முடியாது. இந்த அடக்கம் மற்ற இரண்டு துறைகளிலும் இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

இதுவரை வந்ததெல்லாம் அறிஞர்களின் விளையாட்டு, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று விட்டுவிடலாம். கழுத்துப் பட்டை அப்படி இல்லை.

அதன் பெயர் கியூ-காலர். லாடம் வடிவில் இருக்கும், கழுத்தின் இரு பக்கச் சிரைகளையும் லேசாக அழுத்தும். மூளையிலிருந்து இறங்கும் ரத்தம் கொஞ்சம் தேங்கி, மண்டைக்குள் இடம் நிறைந்து, மூளை குலுங்குவது குறையும் என்பது யோசனை. நிரம்பிய குடம் தளும்பாது என்கிற மாதிரி. மரங்கொத்தியும் தன் நாக்குத் தசையால் கழுத்துச் சிரையை அழுத்திக்கொள்கிறது என்று ஒரு துணைக்கதையும் சேர்ந்தது. 2019ல் ஜேம்ஸ் ஸ்மோலிகா என்ற ஆய்வாளர் இதை எதிர்த்து எழுதினார்: மரங்கொத்தி அப்படிச் செய்வதற்கு ஆதாரமே கிடையாது. அவரோடு சேர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? 2011 கட்டுரையின் அதே லிஜென் வாங். மரங்கொத்தியின் தலையை அவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் செய்தவரே இதைச் சொல்கிறார்.

இதே யோசனைக்கு இன்னொரு ஆதாரமும் காட்டப்பட்டது. 644 அடிக்கு மேல் உயரமான மைதானங்களில் ஆடிய தொழில்முறை வீரர்களுக்கு மூளையதிர்ச்சி சுமார் 30 சதவீதம் குறைவு, உயரத்தில் மூளை மண்டைக்குள் இறுக்கமாகப் பொருந்துவதால், என்று 2014ல் ஒரு கட்டுரை. 644 அடி! கோயம்புத்தூரே 1,300 அடிக்கு மேல். அங்கே போய் இறங்கினால் மூளை இறுகிக்கொள்ளும் என்றால் ரயிலில் போகிற நமக்கு இதுவரை தெரியாமலா இருந்திருக்கும்? ஸ்மோலிகாவும் இன்னொருவரும் அதே வகைத் தரவை எடுத்து, அணிச் சின்னத்தில் விலங்கு இருப்பதற்கும் மூளையதிர்ச்சிக்கும்கூடப் புள்ளியியல் தொடர்பு காட்டலாம் என்று நிரூபித்தார்கள். புள்ளியியலில் இவ்வளவு நாசூக்கான கிண்டலை நான் அதிகம் படித்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 2021 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அந்தப் பட்டைக்கு அனுமதி கொடுத்தது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ள 284 பள்ளி வீரர்களின் ஆய்வுதான் அடிப்படை. சீசனுக்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்து மூளையின் வெள்ளைப் பொருளில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பட்டை அணியாத 145 பேரில் 106 பேருக்கு (73 சதவீதம்) குறிப்பிடத்தக்க மாற்றம் இருந்தது. அணிந்த 139 பேரில் 107 பேருக்கு (77 சதவீதம்) இல்லை. ஒரு பக்கம் "இருந்தது", மறுபக்கம் "இல்லை" என்று அறிவித்த அழகைக் கவனியுங்கள். நேராகச் சொன்னால் 73க்கு எதிராக 23. இப்படிப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதன் வித்தியாசம்? நீர் மூலக்கூறுகள் நரம்பிழைகளின் ஊடே எப்படி நகர்கின்றன என்று கணக்கிடும் ஒரு பட முறையின் எண்கள் அவை. எத்தனை பையன்களுக்கு மூளையதிர்ச்சி வந்தது, யாருக்குப் பாடம் மறந்தது, யார் ஆட்டத்தை விட்டு உட்கார வேண்டி வந்தது என்பதற்கு அந்த எண்கள் பதில் சொல்லாது. இந்தத் தரவு மூளையதிர்ச்சியையோ கடுமையான தலைக்காயத்தையோ தடுப்பதாகக் காட்டவில்லை என்று எஃப்.டி.ஏ.வே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டுப் பட்டையை வாங்கும் பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? மகன் கழுத்தில் எதையோ மாட்டினால் மனசுக்குத் தைரியம் வரும். பையனுக்கும் வரும். தைரியம் வந்தவன் இன்னும் வேகமாக முட்டுவானா என்பதைத்தான் முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அழுத்தாத போலிப் பட்டை கொடுத்து, மருத்துவர் உறுதிசெய்த மூளையதிர்ச்சிகளை எண்ணும் ஆய்வு வந்தால் படிக்கிறேன். அதில் பறவை வேண்டாம்.

கடைசியாக அந்த நாக்கெலும்பு. சீட் பெல்ட் என்றார்களே, அது மண்டையைச் சுற்றிப் போவது உண்மை. ஆனால் சாறுறிஞ்சி மரங்கொத்திகள் என்றொரு வகை உண்டு. அவையும் மரத்தைக் கொத்துகின்றன, அவற்றின் நாக்கெலும்போ குட்டை. மற்ற மரங்கொத்திகளுக்கு அது ஏன் அவ்வளவு நீளம் என்றால், நாக்கு நீளம். மரப்பொந்தின் உள்ளே ஒளிந்திருக்கும் புழுவை எட்டிப் பிடிக்க நீள நாக்கு வேண்டும், அந்த நாக்கைத் தாங்கும் எலும்பைச் சுருட்டி வைக்க மண்டையின் பின்புறம்தான் இடம் இருக்கிறது.