மின்மினி வெறும் உவமை அல்ல

அகநானூறு 72ஆம் பாட்டைப் பெரும்பாலும் ஓர் உவமைக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். மழை பெய்யும் நடுராத்திரி. மின்மினிகள் அப்பிக் கிடக்கும் புற்றை ஆண் கரடி ஒன்று தோண்டுகிறது. பூச்சிகள் தீப்பொறி போல ஒளிர, கரடி இரும்படிக்கும் கொல்லன் மாதிரி தெரிகிறது. எருமை வெளியனார் மகனார் கடலனார் எழுதியது. ‘என்னா விஷுவல்!’ என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. மின்மினி எதற்காக ஒளிர்கிறது என்று கேட்டால்தான் இந்தப் பாட்டு முழுசாகத் திறக்கிறது.

துணை தேடித்தான் ஒளிர்கிறது. வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து வெளிச்சமாகிறது. பல இனங்களில் ஆண் பறந்தபடி, தன் இனத்துக்கே உரிய தாளத்தில் மின்னும். கீழே புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், விருப்பம் இருந்தால், சரியான இடைவெளி விட்டுப் பதிலுக்கு மின்னும். நெட்வொர்க் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும், இது ஒரு ஹேண்ட்ஷேக். ஆனால் என்கிரிப்ஷன் கிடையாது, யாரும் பார்க்கலாம். வட அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பெண்கள் வேற்றினப் பெண்ணைப் போலப் பதில் மின்னி, நம்பி வரும் ஆணைத் தின்றுவிடுவதை ஜேம்ஸ் லாயிட் 1965இல் எழுதினார். பகலில் திரியும் சில மின்மினிகளோ விளக்கையே கைவிட்டுவிட்டன. பெண் விடும் வாசனையை ஆண் உணர்கொம்பால் பிடித்து வந்து சேர்கிறது. அகத்திணை பாஷையில் சொன்னால், வாசனை களவு, வெளிச்சம் அலர்.

இப்போது பாட்டுக்கு வருவோம். தலைவன் வேல் மட்டும் துணையாக, யாருக்கும் தெரியாமல் இருட்டில் வருகிறான். அந்த வழியில் போய், காதலை ஒளிக்கவே முடியாத ஓர் உயிரை வைக்கிறார் கடலனார். கடைசியில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: வந்தவன் கொடியவன் இல்லை, உன் மேலும் தப்பில்லை, தப்பு என்னுடையதுதான். இதைப் பெண்ணின் தன்னிரக்கமாக வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. ஆபத்தில் பறப்பது ஆண்தான், ஆனால் அதைத் தரையிறங்க வைப்பது பெண்ணின் அந்த ஒரு பதில். ‘கூப்பிட்டது நான்’ என்று பொறுப்பேற்கிற குரல் இது. கடலனாருக்கு இந்த உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் வைத்த படிமம் இந்த வாசிப்பைத் தாங்குகிறது, அவ்வளவுதான்.

நான் திருநெல்வேலிக்காரன். இந்தப் பாட்டின் கரடி எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பொதிகை அடிவாரத்தில், கடையம், பாபநாசம் பக்கம் ஊருக்குள் இறங்கினால் பேப்பரில் செய்தி வரும். மின்மினியின் கதை அப்படியில்லை, அது செய்தி ஆகாமலே போய்விடக்கூடியது. தெருவிளக்கும் ரிசார்ட் விளக்கும் கூடக்கூட, பெண்ணின் மங்கலான பதில் ஆணுக்குத் தெரியாது. யாரும் கொல்ல வேண்டாம், பதில் போய்ச் சேராவிட்டாலே அடுத்த தலைமுறை இல்லை. தாமிரபரணிக் கரையில் வளரும் ஒரு பிள்ளைக்கு 72ஆம் பாட்டில் கரடி புரிந்து, மின்மினிக்கு மட்டும் அடிக்குறிப்பு தேவைப்பட்டால், பாட்டில் பாதி போய்விட்டது என்றுதான் அர்த்தம். காரையாறு போகும் வழியில் கொஞ்சம் இருட்டை விட்டுவைப்பதும் சங்க இலக்கியத்தைப் பாதுகாக்கிற வேலைதான்.