சந்தைச் சுதந்திரமும் சிறிக்கோ அடிகளாரும்

பொருளீட்டலை ஐயுறவோடு நோக்குதல் சமயச் சான்றோர் பலர்க்கும் இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக, சுதந்திரச் சந்தைப் பொருளாதாரமே அறநெறிக்கு இயைந்தது என வாதிட முன்வந்தவர் அமெரிக்கக் கத்தோலிக்க குருவாகிய றொபேட் சிறிக்கோ அடிகளார். 1970களில் இடதுசாரி இயக்கங்களில் உழைத்த இவர், பின்னர் மனம் மாறிக் குருத்துவம் ஏற்றார். 1990இல் மிச்சிக்கன் மாநிலத்துக் கிராண்ட் றப்பிட்ஸ் நகரிலே, வரலாற்றாசிரியர் அக்டன் பிரபுவின் பெயர் தாங்கிய நிறுவகத்தை வேறொருவருடன் சேர்ந்து தோற்றுவித்தார். 2012இல் வெளிவந்த அவரது நூல் சந்தைச் சுதந்திரத்துக்கு அறத்தின் வழிநின்று ஆதரவு தேடுவது.

அடிகளாரின் வாதத்தை எள்ளி ஒதுக்குதல் நேர்மையாகாது. பேராசையை அவர் போற்றவில்லை. ஆதாயம் ஒன்றையே நாடும் ‘பொருளியல் மனிதனை’ முழு மனிதனாகக் கொள்ளலாகாது என்றே கூறுகின்றார். வறியோனைக் கையேந்தி நிற்பவனாகக் காணாது, ஆக்கும் ஆற்றல் உடையவனாகக் காணவேண்டும் என்பது அவர் கொள்கையின் உயிர்நாடி. வறியோர்க்கு உதவ விழைவோர் தொழில் தொடங்குக என அவர் அழைக்கின்றார். ஈகை என்ற பெயரால் ஏழையின் தன்மதிப்பைக் குலைப்போர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் இப்பகுதியைப் படித்தல் நன்று.

ஆயின், தம் திருச்சபையின் சான்றுகளை அவர் கையாளும் முறையிலே குறை தலைகாட்டுகின்றது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991இல் விடுத்த சுற்றுமடல் சந்தை ஆதரவாளர் பெரிதும் போற்றுவது. முதலாளித்துவம் ஏற்கத்தக்கதா என்னும் வினாவுக்கு அம்மடல் இரு விடை தருகின்றது. தொழில்முயற்சி, சந்தை, தனியுடைமை ஆகியவற்றின் நற்பணியை ஏற்கும் அமைப்பாயின், ஆம். பொருளாதாரச் சுதந்திரம் உறுதியான சட்டவரம்புக்குள் நின்று மனிதனின் முழுமையான சுதந்திரத்துக்குத் தொண்டு புரியாதாயின், இல்லை. சட்டத்தின் ஆட்சியை அடிகளார் மறுப்பவரல்லர். எனினும் முதல் விடையை முரசறைந்து, இரண்டாவதை மெல்லென உரைக்கின்றார். அளவு மீறிய நலன்புரி அரசை அதே மடல் கண்டிப்பது அவருக்குத் துணையாதலையும் மறைத்தல் தகாது.

இதனினும் ஆழமான இடர் 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் விடுத்த மடலில் உண்டு. தனியுடைமையை உரிமையெனக் காத்துச் சமவுடைமையை மறுத்தவர் அவர். அவ்வாறிருந்தும், முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டமை ஒன்றே கூலியை நீதியாக்காது என்றார். வறுமையாலோ, அதனினும் கொடியது நேருமென்ற அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைக்கு இசைபவன் வலிமைக்கும் அநீதிக்கும் இரையானவனே என்பது அவர் துணிபு. அடிகளாரின் சந்தை அறமோ, இருவர் விரும்பிச் செய்யும் பரிமாற்றம் இருவர்க்கும் பயன் தரும் என்னும் தூணின்மீது நிற்பது. பண்டம் விற்போன் விலை படியாவிடின் நாளைவரை காத்திருத்தல் கூடும். உழைப்பையன்றி விற்பதற்கு வேறொன்றில்லாதவனுக்கு அது இயலாது. இன்று விற்காத உழைப்பு இன்றோடு அழிந்தது, வீட்டிலே பிள்ளைகளின் பசியும் காத்திராது. அவனது சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது என்ற வினாவில் அடிகளார் நெடிது தங்கவில்லை. தொழில் பெருகின் கூலியும் உயரும் என்ற நம்பிக்கைக்கு விரைகின்றார். அது காலப்போக்கில் நிகழலாம். சிங்கராயர் மடல் வினவுவதோ அன்றன்றைய கூலியின் நீதியை.