கொழும்பில் ஒரு நாள்: எதைப் பரிந்துரைப்பது?

உயர்தர வகுப்பு மாணவர்களும் சில வேளைகளில் சக ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கொழும்புக்குப் போறோம் சேர், பார்க்கக்கூடிய நல்ல விசயம் என்ன இருக்கு?" இதற்குப் பதிலாக இரண்டு வகைப் பட்டியல்கள் நம்மிடையே புழங்குகின்றன. ஒன்று, ஆங்கில வாரப் பத்திரிகைகள் வெளியிடும் நிகழ்ச்சிப் பட்டியல். நாடகம் இரவு ஏழு மணிக்கு என்று அது சொல்லும். புத்தளம் செல்லும் பஸ் வண்டியைத் தவறவிடாமல் அந்த நாடகத்தை முழுமையாகப் பார்க்க முடியுமா என்பது அதன் அக்கறைக்குள் வராது. கொழும்பில் வீடுள்ளவனுக்காக அது எழுதப்படுகிறது. மற்றது, எமது இலக்கிய நண்பர்கள் வாய்வழியாகத் தரும் பட்டியல். அதில் அவர்களது நண்பர்களின் நூல்களும் அந்நூல்களின் வெளியீட்டு விழாக்களுமே நிறைந்திருக்கும். கிராஅத்துடன் ஆரம்பித்து, பொன்னாடையுடன் முடியும் அவ்விழாக்களில் எந்த நூலுக்கும் குறை இருப்பதில்லை.

பரிந்துரை என்பது ஓர் அமானிதம் என்றே நான் கருதுகிறேன். ஒருவனது ஒருநாள் பொழுதையும் பஸ் கட்டணத்தையும் நம் சொல்லை நம்பிச் செலவிடச் செய்கிறோம். ஆகவே நல்லதைச் சொல்லும்போதே அதன் குறையையும், அதற்கு எந்த மொழி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இன்னுமொன்று: எமது ஊரிலேயே கிடைப்பதைப் பார்க்க நூற்றுமுப்பது கிலோமீற்றர் போகவேண்டியதில்லை. தமிழில் கிடைப்பதை எப்படியோ தேடிப் படித்துக்கொள்கிறோம். மற்ற மொழிக்காரனின் மேடையிலும் திரையிலும் நாம் எப்படி இருக்கிறோம், அல்லது ஏன் இல்லாமல் இருக்கிறோம் என்பதைத்தான் தலைநகரில் தேடிப் பார்க்கவேண்டும். இந்த அளவுகோலை வைத்தே கீழ்வரும் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலில் கொழும்பு தேசிய நூதனசாலை. 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட இக்கட்டடத்தை வரைந்தவர் ஸ்மிதர். கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். அவர் தனக்கு வெகுமதியாக வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்குமாறு கேட்டார் என்ற செவிவழிக் கதையை எம்மவர் மேடைகளில் பெருமையுடன் சொல்வார்கள். பெருமை சரிதான். ஆனால் மரிக்காரின் பெயரோடு திரும்பி விடுவோர், உள்ளே நமக்காக இருக்கும் இன்னொன்றைப் பார்ப்பதில்லை. அதுதான் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு.

1911இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்கல்லைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதில் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல என்பதே முக்கியமானது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கைகளைச் சொல்ல, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை முன்னிறுத்திப் பேசுகிறது. தமிழையும் அறபு வரிவடிவத்தையும் ஒரே கல்லில் காணும் எமது வாசகருக்கு நெஞ்சு நிறையும்.

இருந்தும் ஒரு விமர்சகன் அத்தோடு நின்றுவிடக் கூடாது. இக்கல்லை இன ஒற்றுமையின் சின்னம் என்று எழுதுவோர், அதற்கு அடுத்து நடந்ததை எழுதுவதில்லை. அதே செங் ஹேயின் படை 1411 அளவில் இங்கிருந்த ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. மூன்று மொழியிலும் மரியாதையாகப் பேசத் தெரிந்தவர்கள் கூடவே கப்பற்படையையும் வைத்திருந்தார்கள். மும்மொழிப் பெயர்ப்பலகைகள் நிறைந்த எமது நாட்டில், மூன்று மொழியிலும் எழுதுவது வேறு, ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பாடசாலைச் சுற்றுலாக்களில் பிள்ளைகளைக் கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் முன்னால் வரிசையாக நடத்திச் சென்று, மிருகக்காட்சிச்சாலைக்கு நேரமாகிறது என்று வெளியே கொண்டுவந்து விடுகிறோம். நூதனசாலை முழுவதையும் ஓடிப் பார்ப்பதைவிட இந்த ஒரு கல்லின் முன்னால் அரைமணி நேரம் நிற்பது மேல். 1934இல் பிரித்தானியா திருப்பிக்கொடுத்த சிம்மாசனத்தையும் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.

இரண்டாவது, நாடகம். கறுவாத்தோட்டத்தில் உள்ள லயனல் வென்ட் அரங்கு, 1944இல் மறைந்த புகைப்படக் கலைஞரும் இசைக் கலைஞருமான லயனல் வென்ட்டின் நினைவாக 1953இல் திறக்கப்பட்டது. எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் திகதி முதன்முதலாக மேடையேறியது இவ்வரங்கில்தான். அந்நாடகம் இன்றும் காலத்துக்குக் காலம் மேடையேறுகிறது. அறிவித்தலைக் கண்டால் தவறவிட வேண்டாம் என்பேன்.

இதைச் சிங்களவரின் தேசிய நாடகம் என்று ஒதுக்கிவைக்கும் மனப்பான்மை எம்மிடையே உண்டு. ஆனால் சரச்சந்திர எடுத்துக்கொண்ட 'நாடகம' வடிவம் தென்னிந்தியக் கூத்து மரபிலிருந்து வந்தது. சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத மட்டக்களப்பான் ஒருவன் அங்கே அமர்ந்தாலும், பாத்திரங்களின் வரவையும் ஆட்டத்தையும் பின்னால் நின்று பாடுவோரையும் கண்டு 'இது நம்ம சாமான்' என்று நிமிர்ந்து உட்காருவான். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளை நவீன மேடைக்குக் கொண்டுவந்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகச் சூழலில், ஒரே வேரிலிருந்து இரண்டு மொழி நாடகங்கள் கிளைத்தன. இரண்டினதும் பார்வையாளர்கள் இன்றுவரை தனித்தனியாகவே இருக்கிறார்கள்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நன்று. குருகுலத்தில் கல்வி முடித்து, குருவின் மகளை மணந்து திரும்பும் இளவரசன் மனமே, காட்டில் வேடர் தலைவனோடு பொருதுகிறான். ஜாதகக் கதையில் இளவரசி வேடன்மீது கொண்ட மோகத்தால் வாளை அவன் கைக்குச் சேரும்படி கொடுக்கிறாள். சரச்சந்திர அக்குற்றத்தை அவ்வளவு எளிதாக அவள் தலையில் கட்டவில்லை. நேர்மையாகப் போரிட்டவனைக் கொல்லவேண்டாம் என்று அவள் இரங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் வாள் கைமாறுகிறது. அவள் செய்தது துரோகமா, இரக்கமா என்பது பார்வையாளனின் தீர்ப்புக்கு விடப்படுகிறது. பெண்ணை ஒரே சொல்லில் தீர்த்துவிடும் பழக்கமுள்ள எமது சிறுகதைகளுக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. குறை என்னவெனில், பலமுறை மேடையேறிய நாடகம் என்பதால் இது வழிபாட்டுப் பொருளாகிவிட்டது. பாடல்களைக் கேட்கவே வருவோர் பலர். கதையின் கேள்வியைச் சுமந்துசெல்வோர் சிலரே.

மூன்றாவது, திரைப்படம். இங்கே நான் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. எமது பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் வந்துசேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. இந்த வெளியேற்றம் எமது கவிதைகளிலும் கதைகளிலும் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அது திரைக்கு வந்தது ஒரு சிங்கள இயக்குநரின் கையால். பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம' 2003இல் வெளிவந்தது. காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடும் ஒரு பெண், விடுமுறையில் அநுராதபுரம் சென்று அங்கே பாலியல் தொழிலில் தன் சகோதரியையே காணும் ஓர் இராணுவ வீரன், வெளியேற்றப்படும் முஸ்லிம் குடும்பமொன்றின் சிறுவனும் அவனது நாயும் என மூன்று இழைகள் இப்படத்தில் உள்ளன.

முஸ்லிம் சிறுவனையும் நாயையும் இணைத்தது பொருத்தமா என்று சிலர் கேட்கக் கூடும். மார்க்கச் சட்டத்தை அல்ல, ஒரு பிள்ளையின் மனதையே இயக்குநர் காட்டுகிறார். வீடு, காணி, நகை என்று பெரியவர்கள் இழப்பதைக் கணக்கிடலாம். பிள்ளை இழப்பதற்குக் கணக்குப் புத்தகம் இல்லை. அது அந்த நாயின் வழியாக நமக்குப் புரிகிறது. அதேவேளை சிறுவனின் கண்ணால் மட்டும் பார்ப்பதால், பெரியவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு இடம் குறைந்துபோகிறது. நேற்றுவரை அயலவராக இருந்தோர் அன்று என்ன செய்தார்கள், திரும்பிப் போக முடியுமா என்பவையே எங்கள் ஊர் முகாம்களில் பல வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்விகள். அவற்றை நாமே எடுக்கும் படம்தான் கேட்க வேண்டும். அதுவரை 'இர மெதியம'வைப் பார்க்காமல் இருப்பதற்கு எமக்கு நியாயமில்லை.

இதே இயக்குநரின் 'புறஹந்த களுவர' 1997இல் எடுக்கப்பட்டது. முத்திரையிட்ட சவப்பெட்டியில் வந்தது தன் மகன் அல்ல என்று நம்பும் பார்வையிழந்த தந்தையின் கதை. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் தடுத்துவைத்த அப்படத்தை உயர் நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. ஒரு சிங்களக் கிராமத்துத் தந்தை போரின் பெயரால் தனக்குச் சொல்லப்பட்டதை நம்ப மறுத்ததைத் தமிழ்மொழி மூல மாணவன் ஒருவன் பார்ப்பானானால், 'அவர்கள்' என்ற சொல்லை அவ்வளவு இலகுவாகப் பயன்படுத்தமாட்டான். யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு அசோக ஹந்தகம தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' (2012) படத்தையும் இவற்றுடன் சேர்க்கலாம். இப்படங்கள் எப்போதும் திரையரங்கில் ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. கொழும்பிலுள்ள வெளிநாட்டுப் பண்பாட்டு நிலையங்களும் திரைப்பட விழாக்களும் நடத்தும் திரையிடல்களைக் கவனித்திருக்க வேண்டும்.

ஓவியம் பற்றி இரண்டு வார்த்தை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் ஆரம்பித்த 'கலா பொல' என்ற ஓவியச் சந்தை, வருடத்தின் முற்பகுதியில் ஒரு நாள் வீதியோரத்தில் நடைபெறும். நுழைவுக் கட்டணம் இல்லை, மொழியும் தேவையில்லை. அந்த வீதிக்குப் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதியவர் அவர். சந்தையில் யானையும் குடம் சுமக்கும் பெண்களும் அளவுக்கதிகம். அவற்றைத் தாண்டி நடந்தால் கிராமத்து இளைஞர்களின் அசல் முயற்சிகள் கண்ணில்படும். வரைதல் பாட ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கட்டாயம் அழைத்துச்செல்ல வேண்டிய இடம் இது.

இறுதியாக நூல்கள். 1999இல் தொடங்கிய கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, வழமையாகச் செப்டெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறுகிறது. அங்கே வரும் சிங்கள இளைஞர் கூட்டத்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. தமிழ்க் கூடங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றிலும் இந்திய நூல்களே முன்வரிசையில் இருக்கும். தமிழ் நூல் மட்டுமே வேண்டுமென்போருக்குப் புறக்கோட்டை, வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளும், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் உண்டு.

கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது, சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்த ஒரு நூலையாவது வாங்கி வாருங்கள் என்பதே. இது எமக்குப் புதிய காரியம் அல்ல. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தவர், இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வின் முன்னோடியான எம். எம். உவைஸ் அவர்களே. அந்நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்க, அது 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. உவைஸின் வழியில் திக்குவல்லை கமால், எம். ரிஷான் ஷெரீப் முதலியோர் தொடர்ந்து மொழிபெயர்த்து வருகின்றனர். மறுதிசையில் எம் கதைகளைச் சிங்களத்துக்குக் கொண்டுசென்றவர்களுள் மடுளுகிரியே விஜேரத்னவின் பெயர் குறிப்பிடத்தக்கது. இவர்களது உழைப்பை மேடையில் வாழ்த்துகிறோம். புத்தகமோ அலுமாரியில் கட்டுக் கட்டாய்க் கிடக்கிறது.

இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். ஒவ்வொரு இதழிலும் ஒரு பக்கத்தை இத்தகைய பரிந்துரைகளுக்கு ஒதுக்குங்கள். நிகழ்ச்சி எந்த மொழியில், எத்தனை மணிக்கு முடியும், செலவு எவ்வளவு, அதன் குறை என்ன என்ற விபரங்கள் அதில் இருக்கட்டும். கொழும்புக்கு வர முடியாதவர்களுக்காக 'இர மெதியம' போன்ற படங்களைத் தமிழ் உபதலைப்புடன் ஊர்ப் பாடசாலை மண்டபங்களில் காட்டவும் ஏற்பாடு செய்யலாம். முதலாவது திரையிடலுக்கு எமது பாடசாலையின் மண்டபத்தையும் திரையையும் அதிபரிடம் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.