குறைத்து வாசிக்கும் கலை: குர்ஜீஃப் – த ஹார்ட்மான் பியானோ இசை

ஆர்மீனியாவில் இன்று கியூம்ரி என வழங்கும் அலெக்ஸாந்திரபோலில் பிறந்த குர்ஜீஃப், ஆன்மிக ஆசானாகவே உலகம் அறிந்தவர். எனினும் அவருடைய தந்தை, நீண்ட கதைப்பாடல்களை நினைவிலிருந்தே பாடும் ‘ஆஷுக்’ எனப்படும் பாணர் மரபைச் சேர்ந்தவராதலால், அப்பகுதியின் மெட்டுகள் அவர் காதில் இளமையிலேயே ஊறியிருந்தன. அவருடைய மாணவரான தாமஸ் த ஹார்ட்மான், உக்ரைனில் பிறந்து அரென்ஸ்கியிடமும் தனேயெவிடமும் பயின்று, 1907இல் பீட்டர்ஸ்பர்க்கில் பாலே நாடகம் அரங்கேற்றிய தேர்ந்த இசையமைப்பாளர். இவ்விருவரும் பிரான்சில் ஃபோந்தேன்புளோவை அடுத்த ப்ரியூரே மாளிகையில், 1925 முதல் 1927 வரையிலான காலத்தில் உருவாக்கியவையே இப்பியானோ உருப்படிகளில் பெரும்பாலானவை.

குர்ஜீஃப் மெட்டைச் சீழ்க்கையடித்தோ ஒற்றை விரலால் கட்டைகளைத் தட்டியோ காட்டுவார்; த ஹார்ட்மான் அதை விரைந்து குறித்துக்கொண்டு, பியானோ மூடியின் மீது ஆசான் தட்டிக்காட்டும் தாளத்தைக் கொண்டு இடக்கைப் பகுதியை அமைப்பார்.

பியானோவோ காக்கசஸ் பகுதியின் இத்தகைய மெட்டுகளுக்குச் சற்றும் இணங்காத வாத்தியம். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு கட்டைகளே உண்டு; அவற்றுக்கு இடைப்பட்ட நுண்சுரங்களையும், சுரத்தை வளைத்து இழுக்கும் கமகங்களையும் அதில் எழுப்ப வழியில்லை. த ஹார்ட்மான் இதற்கு, முதன்மைச் சுரத்தை ஒட்டிக் கணநேரம் தொட்டு விலகும் அலங்காரச் சுரங்களை ஈடாக்கினார். நாகஸ்வரத்துக்கு ஒத்து போல, ஆர்மீனியக் குழலான துதுக்கின் மெட்டுக்கு இரண்டாவது கலைஞர் ‘தம்’ என்னும் ஆதாரச் சுருதியை மூச்சு விடாமல் பிடித்திருப்பார். பியானோவின் ஒலியோ எழுந்தவுடன் தேயத் தொடங்குவதால், இடக்கை ஆதாரத்தையும் பஞ்சமத்தையும் மீண்டும் மீண்டும் அழுத்த நேர்கிறது. இந்தக் கட்டாயமே உருப்படிகளின் நடையாக மாறிவிட்டது என்பதுதான் வியப்பு: தர்வேஷ் ஆட்டங்களில் அது விடாத தாளமாகத் துடிக்கிறது, துதிகளிலோ ஓர் அழுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒலி தேய்ந்து மறைவதையே கேட்பவர் கவனிக்கும்படி ஆகிறது. ரஷ்யப் பள்ளியில் பயின்றவர் ஒவ்வொரு சுரத்தின் கீழும் செறிவான சுரக்கூட்டுகளை அடுக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் விட்டதே அவருடைய மேதைமை. 1919இல் எரெவானில் ஆர்மீனிய இசையமைப்பாளர் கோமிதாஸின் பாடல்களை மேடையேற்றிய அனுபவம் இவ்வடக்கத்துக்குத் துணைநின்றிருக்கக்கூடும்.

எல்லா உருப்படிகளும் ஒரே தரத்தன அல்ல; சில துதிகளில் ரஷ்ய தேவாலய இசையின் சாயல் மிகுந்து, காக்கசஸின் மண்வாசனை மங்கிவிடுகிறது. கீத் ஜாரெட் 1980இல் பதிவு செய்த இசைத்தட்டில், மணிக்கணக்கில் கற்பனையாக வாசிக்க வல்ல அக்கலைஞர் தம்முடையதாக எதையும் சேர்க்காமல், எழுதியதை எழுதியபடியே வாசித்திருப்பது பாராட்டத்தக்கது. லெவோன் எஸ்கேனியன் 2011இல் வெளிவந்த பதிவில் இதே உருப்படிகளைத் துதுக் முதலிய நாட்டு வாத்தியங்களுக்கு மீட்டளித்தார். பியானோவுக்கு எட்டாத வளைவுகள் அங்கே கிடைக்கின்றன, ஆனால் தேயும் ஒலி தரும் இறுக்கம் கிடைப்பதில்லை. புதிதாகக் கேட்க விரும்புவோர் முதலில் ஜாரெட்டையும், பின்னர் எஸ்கேனியனையும், இறுதியாக த ஹார்ட்மான் தாமே வாசித்த பழைய ஒலிநாடாப் பதிவுகளையும் கேட்பது நல்லது. பதிவின் தரம் குறைவாயினும் இம்மூன்றில் முதலிடம் அந்த ஒலிநாடாக்களுக்கே உரியது.