எலும்பிற் கண்ட கீறல்கள்

"ஆதி மனிதன் விலங்குகளை வேட்டையாடி உண்டான்" என்னும் வாக்கியத்தைக் கேளாத மாணவர் இலர். இவ்வாக்கியத்தை வேரோடு அசைத்துப் பார்த்த நூல், அமெரிக்கத் தொல்பொருளாய்வாளர் லூயிஸ் பின்போர்டு 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எலும்புகள்: பண்டை மனிதரும் இன்றைய கட்டுக்கதைகளும்' என்பதாம். ஆதி மனிதன் வேட்டுவன் அல்லன். சிங்கம் முதலியன தின்று கழித்தவற்றில் எஞ்சியதைப் பொறுக்கி, எலும்பை உடைத்து மச்சையை உண்டவனே என்பது அந்நூலின் துணிபு.

நூலின் ஒரு பாதி போற்றத்தக்கது. கல்லும் எலும்பும் ஓரிடத்திற் கிடந்தால், கல்லைக் கொணர்ந்தவனே எலும்பையும் கொணர்ந்தான் என்று அதுவரை பலர் எளிதாகக் கொண்டுவிட்டனர். கழுதைப்புலியும் எலும்பு சேர்க்கும். ஆற்று நீரும் சேர்க்கும். இதனை வற்புறுத்தும் தகுதி பின்போர்டுக்கு இருந்தது. அலாஸ்காவில் நூனாமியூட் மக்கள் மானை அறுக்கும் முறையையும், ஓநாய் கடித்தெறிந்த எலும்புகளையும் அவர் நேரிற் கண்டு எழுதியவர்.

ஆயினும் அவர் தீர்ப்புக் கூறியது தான்சானியா நாட்டு ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கைப் பற்றி. அங்கே மேரி லீக்கி அம்மையார் 1959-இல் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்த படுகையில், ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய கற்கருவிகள் சுமார் 2,500-ம், பெருவிலங்குகளின் எலும்புத் துண்டுகள் சுமார் 3,500-ம் கிடைத்தன. பின்போர்டு அவ்வெலும்புகளைத் தம் கையில் எடுத்துப் பார்த்தாரல்லர். லீக்கி அம்மையார் 1971-இல் வெளியிட்ட பட்டியலையே கணக்கிட்டார். மூல ஏட்டைப் புரட்டாமல் பொருளடக்கத்தைக் கொண்டு நூலை மதிப்பிடுவார் நம்மிடையேயும் உளர். அவர்தம் முடிவு சிற்சில வேளை பொருந்தவுங் கூடும், ஆனால் அதனை நம்பி நடத்தலாகாது.

அதே 1981-இல் எலும்புகளையே நுணுகிப் பார்த்தோரும் இருந்தனர். ஹென்றி பன் தனியாகவும், ரிச்சர்டு பாட்ஸும் பேட் ஷிப்மனும் இணைந்தும் ஒல்டுவாய் எலும்புகளில் அறுத்த கீறல்களைக் கண்டறிந்தனர். கற்கருவியின் விளிம்பு எலும்பின்மேல் இழுபடுங்கால் ஏர்ச்சால்போல் அடி குறுகிய பள்ளம் விழும். அதனுள்ளே இழையிழையாக நுண்கோடுகள் ஓடும். கல்லின் விளிம்பு இரும்புக் கத்தியினதுபோல் ஒழுங்காக இராமையே இதற்குக் காரணம். விலங்கின் பல் இட்ட தடமோ அகன்று, அடி உருண்டு காணப்படும். சில எலும்புகளில் இவ்விரண்டும் உள்ளன. ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் உள்ளன. கீறலின்மேற் பல் பதிந்திருந்தால் மனிதன் முந்தினான். பல்லின்மேற் கீறல் சென்றிருந்தால் விலங்கு முந்தியது. ஒல்டுவாயில் இருவகையும் கிடைத்தமை கருதற்பாலது.

கீறல் எவ்விடத்தில் உள்ளது என்பது இதனினும் பெரிய வினா. சிங்கம் இரையை வீழ்த்தினால் முதலிற் குடலையும், பின் தொடை, முன்கால் மேற்பகுதி ஆகிய சதைப்பற்று மிக்க இடங்களையும் தின்னும். எச்சில் பொறுக்க வருபவனுக்கு மீதமாவது சதையற்ற கீழ்க்கால் எலும்பும் உள்ளிருக்கும் மச்சையுமே. ஆகவே தொடையெலும்பின் நடுத்தண்டிற் கீறல் கண்டால், அறுத்தவன் வந்தபோது அங்கே சதை இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பன்னும் எல்லன் க்ரோலும் 1986-இல் எழுதிய கட்டுரை இத்தகைய கீறல்களையே எடுத்துக்காட்டிப் பின்போர்டின் முடிவை மறுத்தது. அவர் கணக்கிட்ட பட்டியலில் உரிய இடம் பெறாத தண்டுத் துண்டுகளே சான்றாக வந்து நின்றன!

வழக்கு அத்துடன் முடிந்ததா? இல்லை. அதே நடுத்தண்டுகளிற் பற்குறி மிகுந்துள்ளமையால் சதையை முதலில் உண்டது விலங்கே என ப்ளூமன்ஷைன் வாதிட்டார். அப்பற்குறிகளுட் பல, மண்ணிற் கிடந்தபோது பூஞ்சை முதலியன அரித்த தடங்களே என டொமிங்கஸ்-ரொட்ரிகோ குழுவினர் 2006-இல் மறுத்தனர். ப்ளூமன்ஷைன் அடுத்த ஆண்டே அம்மறுப்பை மறுத்தார். 2010-இல் எத்தியோப்பியாவின் டிக்கிக்காவில், சுமார் 34 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய இரண்டு எலும்புகளில் அறுத்த கீறல் உண்டென்ற செய்தி வந்தவுடன், அவை மணற்பரலின்மேல் விலங்குகள் மிதித்தமையால் விழுந்தவையாகலாம் என்ற எதிர்ப்பும் அவ்வாண்டிலேயே எழுந்தது.

ஆதலின் வகுப்பில், "ஒல்டுவாயில் மனித முன்னோர் இறைச்சி அறுத்தனர், எலும்புடைத்து மச்சை எடுத்தனர்" என ஐயமின்றிச் சொல்லலாம். 'வேட்டையாடி' என்ற சொல்லைச் சேர்த்தற்கு வேறு சான்று வேண்டும். கீறல், அறுத்ததைக் காட்டுமேயன்றிக் கொன்றதைக் காட்டாது. எவ்வளவு உண்டனர் என்பதோ இன்னும் கடினம். ஹோமோ எரெக்டஸ் தோன்றியபின் புலாலுணவு பெருகிற்று என்பது நெடுநாட் கொள்கை. 2022-இல் ஆண்ட்ரூ பார் முதலியோர் கிழக்காப்பிரிக்காவின் 59 தளநிலைகளைத் தொகுத்து நோக்கி, அக்காலப் படுகைகள் மிகுதியாக ஆராயப்பெற்றமையே அப்பெருக்கத்தின் காரணம் என்று காட்டினர். தோண்டித் தின்ற கிழங்கும் பறித்துண்ட கனியும் எலும்பைப்போல் எஞ்சி நின்று கணக்கில் ஏறா என்பதும் இங்கு நினைக்கத்தகும்.

பின்போர்டின் நூலைக் கையிலெடுப்போர், ஓநாய் பற்றிய பகுதிகளை விடாது படிக்கலாம். ஒல்டுவாய் பற்றிய பகுதியை மட்டும், பன், க்ரோல் இருவரின் கட்டுரையை அருகில் விரித்து வைத்துக்கொண்டு படித்தல் வேண்டும்.