முதல் வரிசையும் முழு உண்மையும்

தேடுபொறிகளுள் எது சிறந்தது என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. கூகுள் என்பார் ஒருவர்; பிங் என்பார் மற்றொருவர்; டக்டக்கோ என்பார் வேறொருவர். நூலை வாசியாமல் மேலட்டையைக் கண்டு புகழ்வாரைப் போன்று, முதலில் வந்த விடையைக் கண்டு பொறியைப் புகழ்வாரே மிகுதி என்பது நமது அபிப்பிராயம்.

மதிப்பிடும் முறை புதிதன்று. 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்பார் அதனை வகுத்தார். எல்லா முறைகளுக்கும் ஒரே வினாக்களை விடுத்து, இரண்டு கணக்குப் பார்த்தார். வந்தவற்றுள் பொருந்துவன எத்தனை? பொருந்துவனவற்றுள் வந்தவை எத்தனை? நம்மவர் முதற் கணக்கோடு நின்றுவிடுகின்றனர். வாராது போனவற்றை எண்ணுவார் யார்?

முதற் கணக்கிலும் விழிப்பு வேண்டும். விளம்பரம் என்ற குறிப்போடு மேலே நிற்பவை பணம் கொடுத்துப் பெற்ற இடங்கள். கோயிலில் முதல் மரியாதையை விலைக்கு வாங்கியவரை அறிவிற் சிறந்தவர் என்று கொள்ளாத நாம், இங்கு மட்டும் ஏமாறலாமா? டக்டக்கோவின் விடைகளிற் பெரும்பகுதி பிங்கிடமிருந்து பெறப்படுவன. ஆதலின் அவ்விரண்டும் ஒத்துரைப்பதை இரு சாட்சிகள் எனக் கொள்ளுதல் தவறு.

தமிழுக்கோ இரண்டாம் கணக்கே உயிர். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ கெம்பாங்கான் என்று எழுதுவாருளர். செரி கெம்பாங்கான் என்பாருமுளர். செர்டாங் என்னும் பழைய பெயரும் வழங்குகின்றது. ஒன்றைக் கொண்டு தேடுவார்க்கு ஏனையவை அகப்படாமற் போதல் கூடும். 'தோட்டம்' என்று தேடுகின்றோம். ஏட்டிலோ 'தோட்டத்தில்' என்றிருக்கும். ஈற்று மகரம் மறைந்து அத்துச் சாரியை தோன்றுவதை அறியாத பொறி அச்சொல்லைத் தவறவிடும். யூனிகோடில் தமிழ் 1991-இல் இடம்பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் எழுதி வந்தோம். அவற்றுள் மாற்றப்படாதவை பொறிக்கு வெறுங் கிறுக்கலே. படமாக மட்டும் ஏற்றப்பட்ட பழைய ஏடும் சொல்லால் தேடுவார்க்கு எட்டாது.

இது வெறும் இலக்கண விவகாரமன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரைமாரைக் கண்டால் சைக்கிளினின்று இறங்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதானார். தமிழில் தேடும் இளைஞனுக்கு இச்செய்தி முதற்பக்கத்தில் வாராதாயின், தன் பாட்டன் தலைநிமிர்ந்த நாளொன்று உண்டென்பதையே அவன் அறியாது போவான்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. விடை தெரிந்த வினாவைக் கேட்டுப் பொறியைச் சோதியுங்கள். பெயரை இரண்டு மூன்று வடிவங்களில் எழுதித் தேடுங்கள். வெவ்வேறு மூலங்களையுடைய பொறிகளை ஒப்பிடுங்கள். எனினும் எப்பொறியும் இருப்பதையே தேடித் தரும். தோட்டத்துப் பெரியோரின் நினைவும் பெட்டியிற் கிடக்கும் பழைய ஏடும் தமிழெழுத்தாக இணையத்தில் ஏறாதவரை, பொறியைக் குறை கூறிப் பயனென்ன?