வேதபாரகர் யார்?

ஆசாரியர்! திருவில்லிபுத்தூர்க் கோபுர நிழலில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டால், கற்பிக்கும் வைணவ குரு என்பர். பக்கத்து ஊரான இராசபாளையத்தில், நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டுத் தமிழ் விவிலியத்தை விரித்தால், அதே சொல் பலிபீடத்தருகே நிற்கும் யூதப் பூசாரியைக் குறிக்கும்!

கேம்பிரிட்சில் கற்ற ராக்லாந்து, 1854-இல் சிவகாசியைத் தங்குமிடமாகக் கொண்டு வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கிறித்தவம் பரப்பினார். பவர் குழுவினரின் தமிழ் விவிலியம் 1871-இல் வெளிவந்தது. அதில் பூசாரி ஆசாரியன். நூலறிந்த போதகர் வேதபாரகர். சட்டம் கற்றவர் நியாயசாஸ்திரி. படிப்பவன் கண்முன் எருசலேமா தோன்றும்? அக்கிரகாரமன்றோ தோன்றும்!

நம் மேடைப் பேச்சாளர் சிலரும் பரிசேயர் என்பதைப் புரோகிதர்க்கு மறுபெயராக்கிக் கைதட்டல் பெறுகின்றனர். உண்மை வேறு, தோழர்களே! யூதரிடையே பூசாரி பிறப்பால் வருபவர். ஆரோன் வழியினர்க்கன்றி அப்பதவி கிட்டாது. போதகரோ கல்வியால் வருபவர். கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தபின் பூசாரிக்குப் பலிபீடமில்லை. அச்சமயத்தைத் தாங்கி நின்றோர் பரிசேயர் வழிவந்த ரபிகளே. அவருள் யோகனான் என்பாரைச் செருப்புத் தைப்பவர் என்றே மரபு அழைக்கிறது. தோல் தொட்டவரைத் தெருவில் நடக்கவிடாத நாடு இது! அந்த ஆசானைப் பிறவிப் புரோகிதத்தோடு ஒப்பிடுவது அவருக்கு இழிவு, புரோகிதத்துக்கோ உயர்வு! (பெண்களுக்குக் கற்பிக்க அந்த ரபிகளிலும் பலர் தயங்கினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

ஏசுவையே சீடர் ரபீ என்றழைத்தனர். பவுல், கமாலியேலிடம் பயின்றவர். மாற்கு நூலின் 12-ஆம் அதிகாரத்தில், முதன்மையான கட்டளை எதுவென்று கேட்பவர் ஒரு வேதபாரகர். ஏசு தரும் விடை மோசேயின் நூல்களிலிருந்தே எடுத்தது. கேட்டவர் ஒப்புகிறார், ஏசு அவரைப் பாராட்டுகிறார். ஏசுவுக்குச் சற்று முந்திய ஹில்லேல், பிறர்க்கு இன்னாதன செய்யாமையையே சட்டத்தின் சாரமாக வைத்தார் என்கிறது தால்முத்து. 'இன்னா செய்யாமை' அதிகாரம் படித்த நமக்கு இது அயலாகத் தோன்றுமா?

மத்தேயு 23-இல் கடுஞ்சொல் உண்டு, மறுப்பாரில்லை. அது ஒரே வீட்டாரின் வழக்கு. பின்வந்த இறையியலார் பலர் அதை ஓர் இனத்தின்மீது சாட்டிய குற்றப்பத்திரிகையாக்கினர். ஏசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் பழிக்கலாகாது என்று வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். அதற்கு முன்பே, இட்லரின் ஆட்சியில் 60 இலட்சம் யூதர் மாண்டுவிட்டனர்!

1995-இல் வந்த திருவிவிலியம், வேதபாரகரை மறைநூல் அறிஞர் ஆக்கிற்று. நல்ல திருத்தம். பூசாரிக்கோ 'குரு' என்று பெயர் வைத்தது. ஆசாரியர் போனார், குரு வந்தார். கற்பிப்பவரின் பெயர் இன்னும் பலியிடுபவரிடமே இருக்கிறது!